மனிசரை நம்பாதே, சின்னத்தம்பி

அணிற்குஞ்சை வளர்ப்பது பெரிய வேலை இல்லை. வளர்ந்த அணிலுக்கு மனிசர்மேல் ஒரு கெட்ட அபிப்பிராயத்தை உண்டாக்குவதுதான் வேலை. அதுவும் திருகோணமலையில். இந்த ஊரில் மான்களே மனிசரை நம்பிக் கெட்டுப்போனவை. 1803இல் ஆங்கிலேயர் ஓர் இளவரசரின் பெயரைச் சூட்டிய பிரெடெரிக் கோட்டைக்குள் புல்லு மேயவேண்டிய புள்ளிமான்கள், கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களின் பைகளை மோந்து பார்க்கின்றன. கடைத்தெருவுக்கு வந்து, எறிந்த சாப்பாட்டுப் பார்சலைப் பொலித்தீனோடு சேர்த்து விழுங்குகின்றன. கொம்பு வைத்த பெரிய ஆண்மானுக்கும் வெட்கம் கிடையாது.

எங்கள் வீட்டுக்கு வந்த அணிலை இந்த நிலைக்கு விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன்.

தேங்காய் பறிக்க ஏறியவர் காய்ந்த ஓலையை வெட்டிவிட்டபோது கூட்டோடு விழுந்தது அது. கண் திறக்கவில்லை, முதுகுக் கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. தும்பு பரப்பிய பெட்டியில் வைத்து மரத்தடியில் விட்டுத் தள்ளி நின்றோம். தாய் வந்து வாயில் கவ்விக்கொண்டு போகும் என்பது எதிர்பார்ப்பு. வந்தது காகம். பெட்டி வீட்டுக்குள் போயிற்று.

பசுப்பால் கொடுத்தால் வயிற்றோட்டம் வரும். ஆட்டுப்பாலை இளஞ்சூடாக்கி, ஊசி கழற்றிய சிரிஞ்சால் துளித்துளியாகக் கொடுக்கவேண்டும். மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குடித்து முடிந்தபின் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் மூத்திரம் போகும். தாய் நாக்கால் செய்கிற வேலை இது.

"உங்கட பிள்ளையளுக்கு ஒருநாளும் உப்பிடிச் செய்யேல்லை" என்றாள் மனைவி. பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. கையில் பஞ்சு இருந்தது.

கண் திறந்து பல்லும் வந்த பிறகுதான் உண்மையான எதிரி யார் என்று தெரிந்தது. என் மாமி. காட்டுக்குப் போகவேண்டிய பிராணிக்குப் பிளேன்ரீயில் மாரி பிஸ்கட் தோய்த்துக் கொடுத்தார்.

"இராமர் தடவின முதுகு. பசியோட விடலாமோ?"

வால்மீகியில் அந்த அணிலே இல்லை, ஆழ்வார் பாடிய திருமாலையில் அணில் உண்டு, கோடு இல்லை என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். எடுபடவில்லை. "மாமி, இது இராவணன்ர ஊர்" என்றும் சொல்லிப் பார்த்தேன். கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டுப் பக்கம் பத்துத் தலையோடு ஆள் சிலையாக நிற்கிறார். எதிரியின் விரலடையாளத்தை முதுகில் சுமந்துகொண்டு அவர் காலடியிலேயே ஓடித் திரிகிற துணிவு அணிலுக்குத்தான் உண்டு. மாமி இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார்.

பெயர் வைக்கக்கூடாது என்பது என் சட்டம். சின்னத்தம்பி என்ற பெயர் ஒழுங்கை முழுவதும் பரவிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

காட்டுக்குப் போகுமுன் படிக்கவேண்டிய பாடங்களில் பல்லுப் பாடம்தான் சுலபம். அணிலின் முன்பல் சாகும்வரை வளரும், கொறித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூடமுடியாது. கச்சானை மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு வளைந்துவிடும். இரண்டுக்கும் மருந்து டச்சுக்குடாக் கரையில் இலவசமாக ஒதுங்குகிறது: கணவாய் ஓடு. உப்புப் போக ஊறவைத்து, வெயிலில் காயவிட்டுக் கூட்டுக்குள் வைத்தேன். சின்னத்தம்பி அதை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, விளிம்பிலிருந்து அராவத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மீசை, மூக்கு, நெற்றி எல்லாம் வெள்ளை. திருநீறு பூசிக்கொண்டு பூசைக்குப் புறப்பட்ட ஐயர் தோற்றார்.

அடுத்தது பயப் பாடம். சாரைப்பாம்பு நுழையமுடியாத சிறுகண் வலையடித்த கூட்டை மாமரத்தில் கட்டினேன். மற்ற அணில்களின் சத்தத்தைக் கேட்டுப் பழகவேண்டுமே. பக்கத்து வீட்டு நானா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "தம்பி, என்ர பூனைய ஒருக்கா உள்ள விடுங்க. ஒரே நாளில படிப்பு முடிஞ்சிரும்" என்றார். பூனை விடாமலே வந்தது. கொப்பில் இருந்த அணில்கள் வாலைச் சுண்டிச் சுண்டிக் கத்தின. கூட்டுக்குள் எங்கள் ஆளும் வாலைச் சுண்டியது. எதற்கு என்று தெரிந்து சுண்டியதா, ஊரோடு ஒத்துப்போனதா, சொல்லமுடியாது. அரை மார்க் போட்டேன்.

இதற்கிடையில் நாடே விலங்கு எண்ணப் புறப்பட்டது. 2025 மார்ச் 15, காலை 8 மணி, சரியாக ஐந்து நிமிடம்: பயிரழிக்கும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றையும் அவரவர் வளவில் நின்று எண்ணவேண்டும். மாமி முதல்நாளே கூட்டை அவிழ்த்து அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். எண்ணுவது பெரிய மர அணிலை, இந்தச் சின்னக் கோட்டணிலை இல்லை என்றேன்.

"அரசாங்கத்துக்கு உந்த வித்தியாசம் தெரியுமோ?"

பிறகு ஒரு காலையில் கூட்டுக் கதவைத் திறந்தேன். அணில் கொம்பிலே, ஆமை கிணற்றிலே என்பார்கள். எங்கள் அணில் நேரே வந்து குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் ஏறி, மாமியைப் பார்த்தது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் 1898இல் விட்ட எங்கள் அணிலின் இந்திய உறவுகள், எந்தப் பயிற்சியும் இல்லாமல் அங்கே குடும்பம் நடத்திப் பெருகிவிட்டன. இதற்கு மாமரம் தூரமாம்.

ஆனாலும் வழி இதுதான். கூடு திறந்தே இருக்கும், இரவில் வந்து படுக்கலாம். சாப்பாடு மட்டும் நாளுக்கு நாள் குறையும். நாங்கள் யாரும் பேசுவதில்லை, தொடுவதில்லை. மாமி தேவாரம் பாடுவதுபோல் அதன் பெயரைச் சொன்னதை மட்டும் தடுக்கமுடியவில்லை. மரத்து அணில்கள் துரத்தின, காதைக் கடித்துக் காயப்படுத்தின. கூட்டுக்கு வருவது குறைந்தது, பிறகு நின்றுவிட்டது.

ஒருநாள் நான் மாமரத்தடிக்குப் போனேன். உச்சிக் கொப்பிலிருந்து ஓர் அணில் என்னைப் பார்த்து வாலைச் சுண்டிக் கத்தத் தொடங்கியது. பூனைக்குக் கத்திய அதே சத்தம், அதே வேகம். காதில் பழைய வெட்டுக்காயம். சின்னத்தம்பிதான். நான் நகரும்வரை வசை ஓயவில்லை. முழு மார்க்கும் போட்டேன்.

மாமி பிஸ்கட்டோடு வந்து நின்றார். அவருக்கும் அதே வசை. "வளர்த்த நன்றி இல்லை" என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டை அவரே சாப்பிட்டார்.

உங்கள் வளவிலும் குஞ்சு விழலாம். தாய்க்கு முதலில் அவகாசம் கொடுங்கள். தாய் வராவிட்டால் குஞ்சைச் சூடாக வைத்துக்கொண்டு மிருக வைத்தியரைக் கேளுங்கள். பெயர் வைக்காதீர்கள். வீட்டில் மாமி இருந்தால், பிஸ்கட் டின்னுக்கு ஒரு பூட்டு வாங்குங்கள்.