வாலாஜாபாத் வட்டார வாடகை வினாக்கள்: நன்னூல் நோக்கில் ஓர் ஆய்வு

வீடு தேடி அலைதல் என்னும் துறைக்கு முதல் சான்று வாலாஜாபாத்தின் பெயரிலேயே கிடைக்கிறது. இவ்வூருக்குப் பெயர் தந்த ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா, ஆங்கிலேயர் நிழலில் குடியிருக்க விரும்பிச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே மாளிகைக்கு இடம் பார்த்தார். அது கூடிவரவில்லை. தெற்கே சேப்பாக்கத்தில் 1768இல் அரண்மனை எழுந்தது. கேட்ட இடம் கிடைக்காமல் கிடைத்த இடத்தில் குடியேறியவர் என்ற முறையில், ஒரகடத்தில் வேலையும் வாலாஜாபாத்தில் மாடி போர்ஷனுமாக வாழும் அனைவருக்கும் நவாபே முன்னோடி. (அவர் கடன் விவகாரம் லண்டன் பாராளுமன்றம் வரை போனது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.)

களத்துக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் வெளிவந்தது; ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. அன்று முதல் தூத்துக்குடி, தருமபுரி, பீகார், ஒடிசா, கொரியா என்று பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரகடத்து வாடகை கட்டுப்படியாகாதவர்கள், கம்பெனி பஸ் வரும் தூரம் வரை தள்ளிப்போய்த் தேடுகிறார்கள். அப்படித் தேடுகிறவரிடம் ஹவுஸ் ஓனர் கேட்கும் கேள்விகளே நம் ஆய்வுப் பொருள்.

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகப் பகுத்தார். ஆறும் ஒரே படிக்கட்டில், ஐந்து நிமிடத்துக்குள் நிகழக்கூடியவை என்பதே நம் கருதுகோள். வாசலில் டூ-லெட் போர்டு தொங்க, வந்தவர் அதையே அண்ணாந்து பார்த்து நிற்க, “வீடு பாக்கவா வந்தீங்க?” என்பது அறிவினா. “ஃபேமிலியா, பேச்சிலரா?” ஐயவினா. “அட்வான்ஸ் ரெடியா வச்சிருக்கீங்களா?” என்பது கொளல்வினா என்பதில் உரையாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை. “பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிருவோம், பரவாயில்லையா தம்பி?” ஏவல்வினா, செகண்டு ஷிஃப்ட் முடித்து நள்ளிரவுக்கு மேல் பஸ் இறங்குகிறவருக்கு அது ஏவல்கூட அல்ல, தீர்ப்பு. கொடைவினா அரிது. “காபி சாப்பிடுறீங்களா?” என்று கேட்டுவிட்டால் வீடு இல்லை என்று முடிவாகிவிட்டது, மனது கேட்காமல் காபி தருகிறார்கள் என்று பொருள் கொள்க.

அறியாவினா ஒன்றே தேடுகிறவர் பக்கம் உள்ளது: “தண்ணி எப்பவும் வருமாக்கா?” இதற்கு நன்னூலார் சொன்ன எட்டு விடைகளுள் ‘வினாஎதிர் வினாதல்’ மட்டுமே வழக்கில் இருக்கிறது. “பாலாத்தங்கரையில இருந்துகிட்டு தண்ணிக்கு யோசிக்கலாமா?” பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும் என்பதை விடையாளர் அறிவார். வினவியவர் அடுத்த கோடையில் அறிவார்.

ஆறில் அடங்காத வினா ஒன்று களத்தில் கிடைத்தது. அதுவே இக்கட்டுரை எழுதக் காரணம்.

“சொந்த ஊரு?”

“தூத்துக்குடிங்க.”

“தூத்துக்குடியிலயேவா, பக்கத்துலயா?”

“பக்கத்துல. கோவில்பட்டி.”

“கோவில்பட்டில எந்தத் தெரு?”

கேட்கிறவர் கோவில்பட்டிக்குப் போனவரில்லை, போகப்போகிறவருமில்லை. கடிதம் போடும் உத்தேசமும் இல்லை. இந்தப் புவியியல் ஆர்வம் எதற்கு? இதற்குச் ‘சுற்றுவினா’ என்று பெயரிடுகிறோம். ஊரில் தொடங்கி, தெருவுக்கு வந்து, “கவிச்சி சமைப்பீங்களா?”, “குலசாமி எது?” என்று வட்டம் சுருங்கும், கேட்க வந்ததை மட்டும் கடைசி வரை கேட்காது. தேறிய தேடுநர்கள் இதற்கு வைத்திருக்கும் விடை “பஸ் ஸ்டாண்டு பக்கம்” என்பது. பஸ் ஸ்டாண்டு இல்லாத ஊர் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குச் சாதியும் இல்லை. அதன்பின் ஓனர், “வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்லி அனுப்புறேன்” என்பார். போன் நம்பரை வாங்கிக்கொள்ளமாட்டார். பெயரிலேயே மதம் தெரிந்துவிட்டால் சுற்றுவினாவுக்கு வேலையில்லை. “நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு.” போர்டு அடுத்த மாதமும் தொங்கும்.

பீகார், ஒடிசா தொழிலாளர்களை எந்தத் தெரு என்று கேட்டுப் பயனில்லை. சொன்னாலும் கேட்டவருக்குப் பிடிபடாது. எனவே அவர்களுக்கு ஒரே வினா: “எத்தன பேரு?” குடும்பத்துக்கு வீட்டுக்கு இவ்வளவு என்றிருக்கும் வாடகை, இங்கே தலைக்கு இவ்வளவு என்று மாறுகிறது. ஒரு ஷிஃப்ட் எழுந்த பாயில் அடுத்த ஷிஃப்ட் படுக்கும். பாய் ஒன்று, தலை இரண்டு, வாடகையும் இரண்டு. இந்தக் கணக்கில் ஓனர்கள் தவறியதாகச் சான்றில்லை.

மின்சாரம் பற்றி ஒரு குறிப்பு. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தமிழக அரசின் சலுகை. சப்-மீட்டர் வைத்த வீடுகளிலோ முதல் யூனிட்டிலிருந்தே காசு. இலவசம் மின்கம்பத்திலிருந்து இறங்கி, கீழ் வீட்டைத் தாண்டி மாடிப்படி ஏறுவதற்குள் எங்கே போகிறது என்பதை இயற்பியல் துறைக்கு விட்டுவிடுகிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதிப் பதியச் சொல்கிறது; அட்வான்சுக்கு மூன்று மாத வாடகை என்று அளவும் சொல்கிறது. வட்டார வழக்கோ பதினோரு மாதப் பத்திரத்தையே நம்புகிறது. ஓராண்டைத் தாண்டிய குத்தகையைப் பதியவேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்குப் பயந்து கண்டுபிடித்த மாதக்கணக்கு அது. பழைய பயம் புதிய சட்டத்தைவிட உறுதியாக நிற்கிறது.

இறுதியாக, ஒப்பியல். தமிழுக்கும் கொரிய மொழிக்கும் அம்மா, அப்பா ஒன்று என்று கட்டுரை எழுதுகிறவர்கள் ‘ஜொன்ஸே’யைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு பெருந்தொகை கொடுத்துவிட்டு, மாத வாடகையே இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்பப் பெறும் கொரிய முறை அது. நம்மூர்ப் போக்கியத்துக்கு வரி பிசகாத உடன்பிறப்பு. ஆகவே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வரும் கொரிய மேலாளருக்கு இங்கத்திய வீட்டு வழக்கம் எளிதில் புரிந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டைக் கம்பெனியே பார்த்துக் கொடுத்துவிடுவதால் அவர் படிக்கட்டில் நிற்பதில்லை. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி எல்லாம் அவர் அடுப்பில் ஏறும். கேட் எத்தனை மணிக்கும் திறக்கும். சியோலில் எந்தத் தெரு என்று அவரை யாரும் கேட்டதாக நம் களக்குறிப்பில் இல்லை.