சரித்திர புராஜக்டை மே 31 இரவில் முடிப்பது எப்படி?

வெக்கேஷனுக்குப் பள்ளிக்கூடம் அடைக்கும் அன்றைக்கு, பிளஸ் டூவுக்குப் போகிற பிள்ளைகள் கையில் வரலாற்று டீச்சர் ஒரு தாளைக் கொடுத்துவிடுவார். சிபிஎஸ்இ பள்ளி என்றால் வரலாற்றில் எழுத்துத் தேர்வுக்கு 80, புராஜக்டுக்கு 20 மதிப்பெண். அந்த இருபதுக்காக மூன்று கட்டளைகள்: உள்ளூர் விஷயம் ஒன்றை எடு, மூல ஆதாரத்தைப் பார், உன் வாதத்தை உன் சொல்லில் எழுது. பயப்படாதீர்கள். திருவனந்தபுரத்தில் இந்த மூன்றையும் செய்யாமலேயே புராஜக்ட் முடித்த அண்ணன்மாரும் அக்காமாரும் நிறையப் பேர். அவர்கள் அனுபவத்தைப் பிழிந்து எடுத்ததுதான் இது.

முதலில் அந்தத் தாளைப் பத்திரமாக எங்காவது வைத்து மறந்துவிடுங்கள். ஏப்ரலில் வெயில் அதிகம், மேயில் திருநெல்வேலிப் பக்கம் கல்யாணங்கள் அதிகம். மே 31 சாயங்காலம் அப்பாவை ஸ்கூட்டர் எடுக்கச் சொல்லி சாலைக் கடைத்தெருவுக்குப் போனால் போதும். சார்ட் பேப்பர், கிளிட்டர் பேனா, கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் கிடைக்கும். நிற்கிற இடத்தைப் பற்றி மட்டும் யோசிக்காதீர்கள். இந்தக் கடைத்தெருவை அமைத்தவர் திவான் ராஜா கேசவதாஸ். கோட்டைக்கு வெளியே ஒரு திவான் ஏன் சந்தை வைத்தார், இத்தனை தமிழ்க் கடைக்காரர்கள் இங்கே எப்போது வந்து சேர்ந்தார்கள் என்று கேள்வி வந்துவிட்டால், காலடியிலேயே ஒரு தலைப்பு கிடைத்துவிடும். பிறகு யார் உட்கார்ந்து எழுதுவது?

தலைப்பு மார்த்தாண்ட வர்மாவாக இருக்கட்டும். வகுப்பில் பாதிப்பேர் அவரைத்தான் எடுப்பார்கள், அதனால் தனியாக மாட்ட மாட்டீர்கள். 1729-இல் பட்டம், 1741-இல் குளச்சல் போர், 1750-இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்த திருப்படிதானம், 1758-இல் மரணம். நான்கு வருஷங்கள் கைவசம் இருந்தால் இடையில் வரும் பக்கங்களை அடைக்க நம்மிடம் அழியாத வாக்கியங்கள் இருக்கின்றன: சாலைகள் அமைத்தார், குளங்கள் வெட்டினார், கலைகளை ஆதரித்தார், மக்கள் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர். இவை அசோகருக்கும் பொருந்தும், அக்பருக்கும் பொருந்தும். தப்பித்தவறியும் மிளகைத் தொடாதீர்கள். மிளகு வியாபாரத்தை அரசே ஏன் கையில் எடுத்தது, படைக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று போனால் டீச்சர் கேட்ட ‘வாதம்’ உருவாகும் அபாயம் உண்டு.

ஆபத்தான வேறு தலைப்புகளும் இருக்கின்றன. ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடத்தில் பாதி எரிந்த பெஞ்சு ஒன்றைக் காத்து வைத்திருக்கிறார்கள். அய்யன்காளி, பஞ்சமி என்ற புலயச் சிறுமியை அங்கே படிக்கக் கூட்டிப்போனதும் மேல்சாதிக்காரர்கள் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அது நடந்த ஆண்டைச் சொல்வதில்கூட எழுதியவர்கள் ஒத்துப்போவதில்லை. அந்த பெஞ்சைப் பார்த்துவிட்டால், 1936-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேச அறிவிப்பைப் பற்றி ‘மகாராஜா கருணையோடு கதவைத் திறந்தார்’ என்ற ஒரே வரியில் பக்கத்தை முடிக்கக் கை வராது. வைக்கத்தில் 1924-இல் தெருவில் நடப்பதற்காகச் சத்தியாகிரகம் இருந்ததும், அதற்காகப் பெரியார் இதே திருவனந்தபுரத்துச் சிறையில் கிடந்ததும் நினைவுக்கு வந்து தொலைக்கும். நாற்பது பக்கம் ஆகும். பைண்டிங் காசு கூடும்.

களப்பணி கட்டாயம் என்று தாளில் இருந்தால் திங்கட்கிழமை போங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. பூட்டிய கதவு முன் ஒரு செல்ஃபி, அடியில் ‘களப்பணியின்போது’. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. இது ஏன் என்று பஸ்ஸில் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். 1956-இல் எல்லை பிரித்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாகர்கோவில்காரர்கள் இறங்க விடமாட்டார்கள். தக்கலை தாண்டிப் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை பக்கமும் போகாதீர்கள். குளச்சலில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டி லெனாய் 1777-இல் இறந்து அங்கேதான் புதைக்கப்பட்டார். கல்லறைக் கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. டச்சுக் கம்பெனிக்குச் சண்டை போட வந்தவனுக்குத் தமிழில் யார், எதற்கு எழுதி வைத்தார்கள்? பார்த்தீர்களா, கேள்வி முளைத்துவிட்டது.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள்ளேயே 2022-இல் திறந்த ஓலைச்சுவடி அருங்காட்சியகம் இருக்கிறது. நீங்கள் இருபதாவது தடவையாக கிழக்கே கோட்டையில் பஸ் ஏறும் இடத்திலிருந்து நடந்தே போகலாம். அதனால்தான் யாரும் போவதில்லை.

பழைய ஆவணம் எதையாவது பார்த்தே தீரவேண்டும் என்றால் கொல்லம் ஆண்டை அப்படியே கிறிஸ்து ஆண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பாட்டி ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று சொல்வார். கொல்லம் 1099-ஐச் சொல்கிறார் அவர். சிங்க மாதத்தில் ஆண்டு பிறப்பதால் டிசம்பர் வரைக்கும் 824, ஜனவரியிலிருந்து 825 கூட்ட வேண்டும். வெள்ளம் வந்தது 1924 ஜூலை. இந்தக் கூட்டலைப் போடாமல் ‘1099-இல் கேரளத்தில் பெருவெள்ளம்’ என்று எழுதினால் வெள்ளம் நேராகக் குலோத்துங்க சோழன் காலத்துக்குப் போய்விடும். சோழர்களைப் பற்றியும் எழுதியதாக ஒரு மதிப்பு வரும்.

யாரைப் பின்பற்றக் கூடாது என்பதற்கும் இந்த ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. பெ. சுந்தரம் பிள்ளை. 1891-இல் மனோன்மணீயம் எழுதியவர். அதன் பாயிரத்திலிருந்துதான் நம் தமிழ்த்தாய் வாழ்த்து. மனுஷன் இங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். வரலாறு அவர் பாடமே இல்லை, யாரும் இருபது மதிப்பெண் தருவதாகச் சொல்லவும் இல்லை. ஆனாலும் ஊர் ஊராகக் கல்வெட்டுகளைத் தேடி, ராஜாக்களின் பழைய பட்டியலைக் கல்லோடு ஒத்துப் பார்த்து, திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றி 1894-இல் ஒரு புத்தகமே போட்டார். அவர் ஆராய்ந்த மணலிக்கரைக் கல்வெட்டு கொல்லம் 410-ஐச் சேர்ந்தது. விளைச்சல் பொய்த்தால் வரியை என்ன செய்வது என்று ஊராரும் அதிகாரிகளும் கூடிப் பேசியதைச் சொல்கிறது. எந்த ராஜா குளம் வெட்டினார் என்று அதிலிருந்து ஒரு வரிகூட நமக்குத் தேறாது.

நூற்பட்டியலுக்கு வருவோம். ‘கூகுள்’ என்று மட்டும் எழுதுவது பழைய பாணி. வி. நாகம் ஐயாவின் ‘டிராவன்கூர் ஸ்டேட் மானுவல்’, 1906, மூன்று தொகுதி என்று எழுதுங்கள்; கனமாக இருக்கும், டீச்சருக்கும் தூக்கிப் பார்க்க நேரமிருக்காது. ஏஐ செயலியிடம் கேட்டால் இல்லாத புத்தகத்துக்கும் பக்க எண்ணோடு மேற்கோள் தரும். அதைச் சேர்ப்பதாக இருந்தால், வைவாவில் ‘இந்தப் புத்தகம் எங்கே பார்த்தாய்?’ என்ற கேள்விக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கண்ணாடி முன் பழகிவிடுங்கள்.

இனி முக்கியமான கட்டம், காப்பியடிப்பது. போன வருஷத்து அக்காவின் ஃபைலை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. அக்கா அவசரத்தில் 1741-ஐ 1714 என்று எழுதியிருப்பார். அவரிடமிருந்து நீங்கள், உங்களிடமிருந்து நான்கு பேர். குளச்சல் போர் ஐந்து ஃபைலிலும் 1714-இல் நடக்கும். டீச்சர் இரவு காப்பி போட்டுக்கொண்டு ஃபைல்களைப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைப்பார். உ.வே.சா. ஏடு ஒப்புநோக்கிய அதே முறைதான். ஒரே பிழை எந்தெந்தப் பிரதியில் இருக்கிறது, எது தாய்ப்பிரதி, எது வழிப்பிரதி என்று ஒரு வம்சாவளியே போட்டுவிடுவார். மொத்த வகுப்பில் உண்மையான வரலாற்று ஆராய்ச்சி செய்கிற ஒரே ஆள் அவர்தான்.

ஆகவே அக்காவின் பிழையை முதலில் திருத்துங்கள். அப்புறம் வேறு ஏதாவது ஒரு பக்கத்தில், யார் ஃபைலிலும் இல்லாத ஒரு பிழையை நீங்களே சொந்தமாகச் செய்து வையுங்கள். ‘சுயமுயற்சி’ என்ற தலைப்பில் ஒதுக்கிய மதிப்பெண் அதற்குத்தான்.