கூந்தலுக்கு இயற்கையில் ஈரம் உண்டா? மதுரையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்கு ஐயம் வந்ததும், ஆயிரம் பொன் கிழி தொங்கியதும், தருமிக்கு இறைவனே பாட்டு எழுதிக் கொடுத்ததும் நாடறிந்த கதை. அந்தப் பாட்டு குறுந்தொகையில் 2ஆம் பாட்டு. 1965இல் 'திருவிளையாடல்' படம் வந்தபின் இந்த வழக்கைப் பற்றிக் கருத்துச் சொல்லாத தமிழர் இல்லை. ஆனால் மன்னன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: கூந்தலுக்கு இயற்கையில் ஈரம் உண்டா? சங்கத்தில் நாற்பத்தொன்பது புலவர் உட்கார்ந்திருந்தும் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

நக்கீரர் மட்டும் தம்மையறியாமல் ஒரு சான்று விட்டுப் போனார். நெற்றிக்கண் சூட்டில் வெந்தவர் பொற்றாமரைக் குளத்தில் போய் விழுந்தார். சூட்டில் கெட்டதை ஈரத்தால் சரிக்கட்டிய முதல் நிகழ்வு இதுவே என்பது நம் துணிபு. தினமும் ஹேர் டிரையர் பிடிப்போர் கவனிக்க.

ஈரத்தை ஆராய மதுரைதானா கிடைத்தது, வைகைக்கே பல மாதம் ஈரம் கிடையாதே எனின், அதனாலேயே என்க. பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. அதில் குளித்த தலை மொடமொடவென்று நிற்கும். இங்கே பலிக்கும் முறை எங்கும் பலிக்கும்.

முடி வளர்வது வேரில், மாதம் சுமார் 1 செ.மீ. வெளியே வந்துவிட்ட பகுதிக்கு உயிர் இல்லை. ஊட்டம் ஏறாது, காவல்தான் காக்கலாம். அதன் ஈரமும் காற்றிலிருந்து வாங்கிய கடனே. சித்திரை வெயிலில் காற்றே கடனைத் திருப்பிக் கேட்கும். "முடி வளரவே மாட்டேங்குது" என்போர் பலருக்கு முடி வளரத்தான் செய்கிறது. வளர்கிற வேகத்திலேயே நுனி ஒடிகிறது. தேங்காயெண்ணெய் முடிக்குள்ளே புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை என்று 2003இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆய்ந்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தார். அதற்காக முடிவு பொய்யாகிவிடாது; ஆனாலும் மதுரைக்காரர் அதைச் சொல்லிக் காட்டாமல் விடமாட்டார்.

இனி தொடாநெறி. முடி வளர வேண்டுமானால் அதை அதன்பாட்டுக்கு விடு என்பதே இதன் ஒரே சூத்திரம். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து, அரப்புப் போட்டு அலசி, நுனியில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டு, மேலே ஒரு முழம் மல்லிகையோடு கோயிலுக்குப் போகும் பெண்கள் இந்நெறியில் தேர்ந்தவர்கள். இழுப்பில்லை, முறுக்கில்லை. அரப்பு என்பது உசிலை மரத்து இலைப்பொடி. உசிலம்பட்டிக்குப் பெயர் வந்ததும் அந்த மரத்தால்தான். ஒரு தலைக்குளியலுக்காக ஊர்ப்பெயரையே எழுதிவைத்த நாடு இது.

நெறியின் முதல் ஆசிரியர் அப்பத்தா. "அடியே, ஈரத் தலையில சீப்ப வைக்காத" என்பது அவர் விதி. விதி சரியே: நனைந்த முடியில் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து, இழுத்த இழுப்புக்கு நீண்டு, அறுந்துபோகும். ஆனால் அதைச் சொல்லி வாய் மூடுமுன், பேத்தியைத் திண்ணையில் குனியவைத்து, கூந்தலை முன்னால் தள்ளி, துண்டை முறுக்கிப் பட் பட்டென்று அடிப்பார். நீர் தெறிக்கும்; கூடவே அறுந்த முடியும் துண்டோடு வரும். நன்னூலார் இதை மாறுகொளக் கூறல் என்னும் குற்றத்தில் சேர்த்திருப்பார். துண்டால் ஒற்றி எடுத்தால் போதும் என்று யாரும் அப்பத்தாவிடம் சொன்னதாகத் தெரியவில்லை; துணிவும் வேண்டுமல்லவா.

பள்ளிக்கூடத்து ரெட்டைச் சடையோ நெறிக்கு நேர்ப்பகை. புருவம் மேலேறும்படி வழித்து வாரி, மடித்து, ரிப்பனால் இறுக்கினால், நாளடைவில் நெற்றியோரத்து முடி பின்வாங்கும்.

எஞ்சுவது மொட்டை. அழகருக்கு நேர்ந்து மழித்தால் அடர்த்தியாக வளரும் என்பார்கள். மழிப்பதால் முடியின் தடிமனோ வேகமோ மாறுவதில்லை என்று மில்ட்ரெட் ட்ராட்டர் 1928இலேயே அமெரிக்காவில் அளந்து எழுதிவிட்டார். வெட்டுப்பட்ட நுனி மழுங்கி முளைப்பதால் தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே. ஆனால் மொட்டையை நாம் தள்ளவில்லை. சித்திரைத் திருவிழாவில் மழித்த பிள்ளைக்கு ஜூனில் பள்ளி திறக்கும்போது 2 செ.மீ. முடிகூட இராது. சீப்புக்கு வேலையில்லை, ரிப்பன் கட்ட இடமில்லை, அடிப்பதற்குத் துண்டை எடுத்த அப்பத்தாவும் தலையைத் தடவிவிட்டுப் போய்விடுவார். தொடாநெறி பிசகாமல் நடக்கும் காலம் அது ஒன்றே.