ஃபாதரிடம் அடி வாங்கியவர்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எந்தப் பள்ளியில் படித்தார் என்பது பாயசம் வருவதற்குள் தெரிந்துவிட்டால், அவர் சேசு சபைப் பள்ளியின் பழைய மாணவர். திருச்சி, பாளையங்கோட்டை, திண்டுக்கல் என்று இந்த இனம் பரவிக் கிடக்கிறது. இங்கே பேசப்படுபவர் எந்த ஊர் என்று சொல்வதற்கில்லை. அவருடைய சம்பந்தி இந்தப் பத்திரிகையின் சந்தாதாரர்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்தது 1976-இல். அதற்குப் பிறகு பட்டம் வாங்கினார், வங்கியில் மேலாளர் வரை உயர்ந்தார், மாடி வைத்து வீடு கட்டினார், இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினார். இதில் எதைப் பற்றியும் அவர் வாயால் கேட்டவர் கிடையாது. அவர் பெருமைப்படுவது ஒன்பதாம் வகுப்பில் போர்டிங் ஃபாதரிடம் வாங்கிய அடியைப் பற்றி மட்டும்தான்.

"ஃபாதர் அடிச்ச அடி இருக்கே…" என்று ஆரம்பித்து வலது உள்ளங்கையை விரித்து நீட்டுவார். அங்கே ஆயுள் ரேகையைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனாலும் பார்த்தாக வேண்டும். பார்த்து "அடேயப்பா" என்று சொல்லும்வரை அந்தக் கை மடங்காது. சாம்பாரோடு வந்த பையன் வாளியைத் தூக்கியபடி நின்ற சம்பவங்கள் உண்டு.

கதை இதுதான். போர்டிங் சுவரேறிக் குதித்து சினிமாவுக்குப் போகிறார். இடைவேளை விளக்கு எரிகிறது. பின் வரிசையில் வெள்ளை அங்கி. ஃபாதர் ஒன்றும் பேசவில்லை. முழுப் படத்தையும் பார்க்கவிட்டு, வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "படம் எப்படிடா?" என்று கேட்கிறார். மறுநாள் ஸ்டடி ஹாலில் பிரம்பு.

எந்தப் படம் என்பதில்தான் குழப்பம். சில வருடங்கள் அது 'உலகம் சுற்றும் வாலிபன்', அதுவும் முதல் நாள். அந்தப் படம் வெளியானது 1973 மே 11; கோடை விடுமுறையில் போர்டிங்கே பூட்டிக் கிடந்திருக்கும். இதை மைத்துனர் ஒருமுறை சபையில் கேட்டுவிட, படம் '16 வயதினிலே' ஆனது. அது 1977 செப்டம்பரில் வந்தது. அப்போது இவர் பி.யு.சி.யும் முடித்துப் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டார். இப்போதெல்லாம் "ஏதோ ஒரு சிவாஜி படம்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார். சிவாஜி படம் எல்லா மாதமும் ஓடியது. மைத்துனரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடியின் எண்ணிக்கையும் நிலையாக இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னது ஆறு. வெள்ளி விழாச் சந்திப்பில் பன்னிரண்டு. பணி ஓய்வு பெற்ற பிறகு இருபத்து நான்கு, அதுவும் "ரெண்டு கையிலயும்". ஃபாதரின் உயரமும் கூடவே வளர்ந்தது. பழைய குரூப் போட்டோவில் அவர் இரண்டாம் வரிசையில் எல்லோருக்கும் தோளளவுதான் நிற்கிறார். கதையில் ஆறடிக்குக் குறைவதில்லை.

சாதி பார்க்காதவர் என்று பெயரெடுத்த மனிதர் அடியில் மட்டும் தராதரம் பார்ப்பார். போர்டிங் பையன் வாங்கியதே அடி. டேஸ்காலர் வாங்கியது சேராது: "சாயங்காலம் வீட்டுக்குப் போனா அம்மா எண்ணெய் தடவி விடுவா, அதெல்லாம் ஒரு அடியா?" பி.டி. மாஸ்டர் அடித்தது கணக்கிலேயே வராது. கன்னத்தில் வாங்கியது இரண்டாந்தரம். ஆறு வருடமும் முதல் ரேங்க் வாங்கிய வகுப்புத் தோழர் ஒருவர் உண்டு, மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். அடியே வாங்காத பாவத்துக்காகப் பழைய மாணவர் கூட்டங்களில் அவரைப் பந்திக்கு மட்டும்தான் கூப்பிடுவார்கள். பாவம், அவரும் இப்போது எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு அடி வாங்கியதாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.

மற்றபடி நம்மவர் நெற்றி நிறைய விபூதி. பிள்ளையார் சுழி போட்டு அதன் கீழே 'ஏ.எம்.டி.ஜி.' என்று எழுதாமல் வருமான வரிப் படிவத்தைக்கூட நிரப்ப மாட்டார். இறைவனின் அதிமிகு மகிமைக்கே என்ற அந்தச் சபை வாசகத்தை ஆறாம் வகுப்பு நோட்டில் எழுதத் தொடங்கியவர். சபை 1773-இல் கலைக்கப்பட்டதையும் 1814-இல் மீண்டும் உயிர்பெற்றதையும் தன் தாத்தா வீட்டுப் பாகப்பிரிவினை போலச் சொல்வார்.

அந்தச் சபைச் சரித்திரத்தை வைத்தே ஒருவர் அவரை மடக்கப் பார்த்தார். வரலாற்றுப் பேராசிரியர், அதே பள்ளிக்காரர். சேசு சபை 1599-இல் தன் பள்ளிகளுக்கென்று வகுத்த 'ராசியோ ஸ்டுடியோரும்' என்ற விதித் தொகுப்பில் மாணவனைத் துறவியே கைநீட்டி அடிக்கக் கூடாது, அவசியமானால் அதற்கென்று சபையைச் சேராத ஓர் ஆளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. "அப்படிப் பார்த்தா உங்க ஃபாதர் விதியை மீறியிருக்காரு" என்றார் பேராசிரியர். நம்மவர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப எங்களுக்காக விதியையே மீறியிருக்காருன்னு சொல்லுங்க!" அன்றிலிருந்து அதுவும் கதையில் சேர்ந்துகொண்டது.

அந்த ஃபாதர் இப்போதும் இருக்கிறார். எண்பத்தைந்து தாண்டிவிட்டது, முதிய குருக்கள் இல்லத்தில் வாசம். பழைய மாணவர் சந்திப்புக்குச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார்கள். நம்மவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் காலடியில் உட்கார்ந்து, கையை நீட்டினார்.

"ஃபாதர், என்னைய ஞாபகம் இருக்கா? சினிமாவுக்குப் போனேன்னு இந்தக் கையிலதான் அடிச்சீங்க!"

கிழவர் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "ரொம்பப் பேரை அடிச்சிருக்கேன்ப்பா. அப்ப எனக்கு வயசு கம்மி, கோபம் ஜாஸ்தி. அடிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிரு."

நம்மவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இத்தனை வருடம் சேர்த்த சொத்தை ஒரே வார்த்தையில் செல்லாது என்று சொல்லிவிட்டார் அல்லவா? "ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க ஃபாதர், நீங்க அடிச்சது சரிதான் ஃபாதர்" என்று கெஞ்சினார். ஃபாதர் மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். சாப்பாட்டுக்கு மணி அடித்ததால் இருவரும் தப்பித்தார்கள். பிரியாணி வரிசையில் நம்மவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு ஒருநாள் அவரைப் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. ஃபாதரின் அடியும் இல்லையென்றால் அந்தப் போர்டிங்கில், பத்து வயதில் அம்மாவை விட்டு வந்த பையனை யார் கவனித்திருக்கப் போகிறார்கள்? பள்ளிக்கூடம் முழுவதிலும் தன்னைத் தேடிக்கொண்டு சைக்கிளில் வந்த ஒரே மனிதரை அவர் விட்டுவிடத் தயாராக இல்லை போலும்.

மறுநாள் காலையே வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது: "நேற்று ஃபாதர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அடித்ததால்தானே நீ உருப்பட்டாய் என்றார்." நாற்பத்து மூன்று பேர் கைகூப்பியிருந்தார்கள்.

இதோடு விட்டால் பரவாயில்லை. "இப்ப பிள்ளைங்களை அடிக்க முடியலை, அதான் நாடு கெட்டுப்போச்சு" என்று ஒரு முடிவுரை வைத்திருக்கிறார். தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆவது விதியை 2003-இல் திருத்திப் பிரம்பை ஒழித்ததும், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் அவருக்கு ஜென்மப் பகை. சரி, அந்த அருமையான அடியைத் தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தாரா? மகனை மெட்ரிகுலேஷனில் சேர்த்தார். பேரன் ஏ.சி. பஸ் வரும் சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கிறான். அங்கே ஒரு மிஸ் அவனைப் பத்து நிமிடம் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தாராம். அன்று மாலையே தாத்தா பிரின்சிபால் அறைக்குப் போனார், கையில் சட்டத்தின் நகலோடு. அதே 17ஆம் பிரிவுதான், மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டிருந்தது.

அவர் படித்த பள்ளியில் இன்றைக்குப் படிப்பவர்கள் சுமை தூக்குகிறவர், கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள். அரசு உதவிபெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, கட்டடத்தையும் கழிப்பறையையும் நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்பதால், நன்றாகப் படிக்கிற பையனைப் பெற்றவர்கள் டி.சி. வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று தலைமையாசிரியராக இருக்கும் இளம் குரு கூட்டத்தில் சொன்னார். கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனதையும் சொன்னார். நம்மவர் எழுந்து, ஃபாதரின் பிரம்பு பழைய ஸ்டடி ஹால் பரண்மேல் இன்னும் இருப்பதாகவும், அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து முன்மண்டபத்தில் மாட்ட வேண்டும் என்றும் தீர்மானம் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறியது.

பெட்டி தேக்கில் தயாராகிவிட்டது. உபயதாரர் பெயர்களைப் பித்தளையில் பொறிக்கக் கொடுத்திருக்கிறார்கள். மோட்டார் விஷயத்தை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று மினிட்ஸில் இருக்கிறது.