அடம்பனில் விமானி ஹெட்செற் திருத்தல்: ஒரு நூற்பாவும் உரையும்

நூற்பா: வளையும் இடத்தே வதியும் பழுதே.

கருத்துரை: பழைய விமானி ஹெட்செற் ஊமையானால், திருத்துபவர் திறந்து பார்க்கத் துடிக்கும் காதுக் கிண்ணத்துக்குள் பெரும்பாலும் பழுது இராது, வயர் வளைந்து வளைந்து களைத்த இடத்திலேயே அது குடியிருக்கும் என்றவாறு.

தடை: மன்னார்ப் பக்கத்து அடம்பனுக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு? 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது; அடம்பனில் இறங்கவில்லை. 2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. அடம்பனில் அன்றும் வயல்தான் இருந்தது. ஆதலின் இவ்வாய்வு வீண் எனின்,

விடை: அற்றன்று. 1910இல் அமெரிக்காவின் யூட்டாவில் நதானியேல் பால்ட்வின் என்பார், கடற்படைக்கான காதொலிக் கருவிகளைத் தம் வீட்டுச் சமையலறையில் செய்துகொடுத்தார். கடலே இல்லாத யூட்டாவில் கடற்படைக் கருவி பிறக்கலாமெனில், ஓடுபாதை இல்லாத அடம்பனில் விமானக் கருவி பிழைக்கலாம் என்க.

பிறர் கொள்கை: "தட்டினால் சரியாகும்" என்பர் ஒருசாரார். இம்மரபை முற்றாக இகழ்தல் கூடாது. பழைய மைக்குகளுக்குள் கரித்துகள்கள் இருந்தன. அவை இறுகிக் கட்டியானால் பேச்சு மங்கும். ஒரு தட்டுத் தட்டினால் தளர்ந்து மீளும். பின்னர் வந்த மைக்குகளில் கரி இல்லை. ஆனால் விமான ரேடியோக்கள் கரிமைக்குக்கென மின்சாரம் அனுப்பிப் பழகியவை. எனவே புதிய மைக்கும் ஒரு சிறு பெருக்கியை உள்ளே வைத்துக்கொண்டு, தானும் கரிமைக் என நடித்து அம்மின்சாரத்தை உண்கிறது. அந்த நடிப்பை நம்பித் தட்டுபவருக்குக் கைவலியே கூலி.

"கிண்ணத்தைத் திற" என்பர் மற்றொருசாரார். திறந்தால் காந்தமும் கம்பிச்சுருளும் சுகமாகவே இருக்கும். மூடும்போது ஒரு திருகாணி மிஞ்சும்.

சோதனை: ஹெட்செற்றுக்குப் பிளக் இரண்டு. தடித்தது கேட்க, மெலிந்தது பேச. ஒருவர் 1.5 வோல்ற் ரோச் பற்றரியைத் தடித்த பிளக்கின் நுனியிலும் உடலிலும் தொட்டுத் தொட்டு எடுக்க, மற்றவர் அணிந்து கேட்க. 'டிக்' என ஒலித்தால் கிண்ணம் குற்றமற்றது. ஒலிக்காவிடின் பிளக்கின் கழுத்தையும், வயர் கிண்ணத்துள் நுழையும் இடத்தையும் வளைத்துப் பார்க்க. ஒலி வந்து வந்து போகும் இடமே நூற்பா சுட்டும் இடம். ஒரு காது மட்டும் செவிடெனில், தலைப்பட்டையைத் தாண்டும் வயரை ஐயுறுக. கண்டபின் வெட்டி, நல்ல வயர் வரும்வரை களைந்து, ஈயம் பிடிக்க. சில பழைய வயர்களில் நூலின்மேல் மெல்லிய செப்புப் பட்டை சுற்றியிருக்கும். சூடு மிகுந்தால் நூல் கருகும்.

புறனடை: வளையாமலும் பழுதாவன இரண்டு. சோளகம் உப்போடு வீசும் மன்னார்ப் பக்கத்தில் பித்தளைப் பிளக்கில் களிம்பேறும். குத்துவிளக்குக்குப் புளி பொருந்தும். பிளக்குக்குப் பொருந்தாது, இடுக்கில் தங்கிய புளித்தண்ணீர் அரிக்கும். துணியும் சிறிது மதுசாரமும் போதும். இரண்டாவது, காதுமெத்தை. வியர்வையாலும் வெக்கையாலும் அது வெடித்தால் சத்தம் புகும். 23 டெசிபல் குறைக்கும் எனச் சான்று பெற்ற டேவிட் கிளார்க் ஹெட்செற்றுகூட மூக்குக்கண்ணாடிக் காலுக்கே சற்றுத் தோற்கும். வெடிப்புக்கு எங்ஙனம் ஈடுகொடுக்கும்? மெத்தையை மாற்றுக, ஒட்டுப் போடற்க.

பயன்: திருத்திய கருவி, கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயலில் லான்ட்மாஸ்ரர் ஓட்டுபவர் தலையில் ஏறும். இயந்திர இரைச்சல் அடங்கும். மைக் மட்டும் விமான ரேடியோவின் மின்சாரமின்றிப் பேசாது. ஆகவே அணிந்தவர் எவர் சொல்வதையும் கேளார். எவருக்கும் மறுமொழி கூறார். வரம்பில் நின்று உழவு சொல்லித்தரும் உறவினரின் தொகையை நோக்குமிடத்து, மைக்கின் இக்குறையைத் திருத்தாமல் விடுவதே முறை என்பது ஆய்வின் முடிபு.