‘சேம் டு சேம்’ முதல் ‘டூப்ளிகேட்’ வரை: சில ஒப்புமைச் சொற்கள் குறித்த ஆய்வு

இரு பொருள்கள் ஒன்றே என்று சொல்லத் தமிழ்நாட்டுக் கடைவீதிகளில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் மட்டுமே இங்கு ஆராயப்படுகின்றன. ‘அச்சு அசல்’, ‘உரிச்சு வச்ச மாதிரி’ முதலியன புலவர்களின் பொறுப்பு. நம் கருதுகோள் இது: ஒன்றாயிருப்பதைச் சொல்ல இத்தனை சொற்கள் வேண்டியிருக்கிறதென்றால், அவற்றில் எந்த இரண்டும் ஒன்றல்ல.

முதலில் ‘சேம்’. மருந்துக்கடையில் “சேம்தாங்க, கம்பெனிதான் வேற” என்பார்கள். செல்போன் கடையில் “சேம் மாடல்தான் சார், கலர் மட்டும்…” என்று இழுப்பார்கள். ஆக, வேற்றுமை ஒன்று பின்னால் வருகிறது என்று முன்னறிவிக்கும் இடைச்சொல்லே ‘சேம்’. உண்மையாகவே வேற்றுமை இல்லாவிட்டால் அதை இரட்டித்து ‘சேம் டு சேம்’ என்பது மரபு. ஒரு சொல் நான்கு முறை வரை அடுக்கலாம் என்று நன்னூல் இடம் கொடுப்பதால், சந்தேகப்படும் வாடிக்கையாளரிடம் இன்னும் இரண்டு ‘சேம்’ சேர்த்துக்கொள்ளக் கடைக்காரருக்கு உரிமை உண்டு.

‘மேட்சிங்’ ஜவுளித் துறைக்கு உரியது. புடவைக்கு மேட்சிங்காக எடுத்த ரவிக்கைத் துணி கடையின் விளக்கில் ஒரே நிறமாக இருந்து, வாசல் வெயிலுக்கு வந்ததும் வேறாகிவிடும். இது கடைக்காரரின் சூழ்ச்சியன்று. ஓர் ஒளியில் ஒத்திருக்கும் இரு சாயங்கள் வேறோர் ஒளியில் பிரிந்து தெரிவதை இயற்பியலார் மெட்டாமெரிசம் என்பர். எதிலும் வேறுபடாத இரு பொருள்கள் உலகில் இல்லை என்றார் ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ். அதை நம்பாத கனவான் ஒருவர் ஹானோவர் அருகே ஹெரன்ஹௌசன் தோட்டமெங்கும் ஒரேமாதிரி இரண்டு இலைகளைத் தேடித் தோற்றாராம். ரவிக்கைத் துணியோடு வாசலுக்கும் கவுண்டருக்கும் நடக்கும் எந்தப் பெண்மணியைக் கேட்டிருந்தாலும் அந்தக் கனவானுக்கு அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

‘ஜெராக்ஸ்’ குழந்தைகளுக்கானது. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் எடுத்த முதல் உலர்நகலின் வழித்தோன்றல் அது. தொட்டிலில் கிடக்கும்வரை குழந்தை அப்பாவின் ஜெராக்ஸ். ரேங்க் கார்டு வந்தபின் அந்த உறவு தாய்மாமன் பக்கம் மாற்றி எழுதப்படும்.

ஆய்வாளரை மிகவும் அலைக்கழித்த சொல் ‘டூப்ளிகேட்’. சாவிக்கு முன்னால் வந்தால் அது மதிப்பான சொல். வீட்டுக்கு ஒன்று வேண்டும். பைக்கின் பிரேக் ஷூவுக்கு முன்னால் வந்தால் மெக்கானிக் முகம் சுளிக்கிறார். சினிமாவில் பாதி தேய்ந்து ‘டூப்’ ஆகி, கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கிறது. அசலின் வேலையைச் செய்தால் நல்லது, அசலின் விலையைக் கேட்டால் கெட்டது என்பதே நாம் கண்ட விதி.

எஞ்சியிருப்பது ‘ட்ரூ காப்பி’. நகல் மெய்யே என்று கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்திட்டால்தான் மதிப்பெண் சான்றிதழ் தன்னைப்போலவே இருப்பதாக ஒருகாலத்தில் ஏற்கப்பட்டது. இன்று பல இடங்களில் சுயசான்றொப்பம் போதும்; அவரவர் நகலுக்கு அவரவரே பொறுப்பு. ஆனால் அதே மனிதர், அதே பேனாவால், காசோலையில் போட்ட கையெழுத்து அவருடையதைப்போல் இல்லை என்று வங்கி திருப்பி அனுப்புவதும் உண்டு. ‘சிக்னேச்சர் மிஸ்மேட்ச்’ எனப்படும் அந்நிலை தனிக் கட்டுரைக்கு உரியது.