ரூபாய்க்கு எட்டணா

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று சொல்லிவைத்தவர் காயல்பட்டினத்துக்கு வந்ததில்லை. நம் ஊரில் அதையும் அளந்து வைத்திருக்கிறார்கள் காக்கா. 2023 டிசம்பர் 17-ஆம் தேதி பிடித்த மழை, மறுநாள் காலைக்குள் 95 சென்டிமீட்டர். முழக்கணக்கில் இரண்டு. தூத்துக்குடி மாவட்டம் ஒரு வருஷம் முழுக்கக் காணும் மழையைவிட அதிகம். கடைச் சரக்கு ஊறியது, பிரிட்ஜ் மிதந்தது, கட்டிலுக்கடியில் இருந்த தஸ்தாவேஜுப் பெட்டி கூழானது. தண்ணீர் வடிந்தபின் அரசாங்கம் 6,000 ரூபாயோடு வந்தது. அந்தப் பணத்தில் மோட்டாரைக் கழற்றிச் சரிபார்க்கலாம், கடையை நிமிர்த்த முடியாது. நிமிர்த்தக் கடன் வாங்கினீர்கள். அந்தக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன். வட்டி ஹராம் என்று வெள்ளிக்கிழமை குத்பாவில் கேட்ட காதோடு திங்கட்கிழமை நகையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வங்கிக்குப் போனவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

வெள்ளத்தின் தலையிலேயே எல்லாப் பழியையும் போடவும் கூடாது. மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருக்கிற ஊர் இது. ஆகவே ஒவ்வொரு குமர் காரியத்துக்கும் ஒரு வீடு. ஹாங்காங்கிலும் கொழும்பிலும் சவூதியிலும் வயசைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பும் வாப்பாவின் கணக்கு இதுதான்: மகள் பேரில் மாடி வீடு, தன் பேரில் சர்க்கரை வியாதியும் கடனும். மேடையில் எளிமைத் திருமணம் பற்றி உருகிப் பேசுகிற பெரியவர்கள், இறங்கி வந்ததும் வீடு எத்தனை சதுர அடி என்று விசாரிப்பார்கள். கோபத்தை இவர்களிடமே செலவழித்துவிட வேண்டாம். இன்னும் பெரிய ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

சரி, அடையாது என்று தெரிந்துவிட்டது. சட்டப்படி என்ன வழி?

உசத்தியான வழி, நீங்கள் ஒரு கம்பெனி ஆகிவிடுவது. வெகுதூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்து மேலமருதூரில் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம் வைத்திருந்த கோஸ்டல் எனர்ஜென் சுமார் 12,000 கோடி ரூபாய்க் கடனோடு படுத்தது. 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத் தொகுப்பின் கீழ் தீர்ப்பாயத்துக்குப் போனது. அதானி பவர் இடம்பெற்ற கூட்டணி 3,335 கோடி தருவதாகச் சொன்ன திட்டத்துக்கு 2024-இல் சென்னைத் தீர்ப்பாயம் அனுமதி தந்தது. பிறகு மேல்முறையீடு, இழுபறி. இதற்கிடையே யாராவது கொதிகலன் வாசலில் பாயை விரித்து உட்கார்ந்து, கடனைக் கட்டாமல் எப்படிச் சோறு இறங்குகிறது என்று கேட்டார்களா? வழக்கை ஏற்றுக்கொண்ட அன்றே, ஒருவரும் வசூலுக்கு வரக்கூடாது என்று தடை விழுந்துவிடும். சட்டம் குடை பிடிக்கும். மகளிர் குழுத் தவணை ஒன்று தவறினால் உங்கள் வீட்டுத் திண்ணையில் விளக்கு வைத்த பிறகும் நகராமல் உட்கார்ந்திருக்கிறாரே ஒரு தம்பி, அவருக்கு அந்தக் குடையைக் காட்டிப் பாருங்கள்.

வீடியோகான் கதை இதைவிட ருசி. கடன் கொடுத்தவர்கள் கேட்டது 64,838 கோடி. வேதாந்தா குழுமத்தின் ட்வின் ஸ்டார் தர முன்வந்தது 2,962 கோடி. வங்கிகள் சரி என்று கை தூக்கின. 2021 ஜூனில் மும்பைத் தீர்ப்பாயம் அனுமதித்தது. அனுமதித்த தீர்ப்பாயத்துக்கே மனசு கேட்காமல், இது முடிவெட்டா, முழு மொட்டையா என்கிற பொருளில் உத்தரவிலேயே எழுதிவைத்தது. மறு ஜனவரியில் மேல்முறையீட்டில் அந்த அனுமதி ரத்தானது, அது தனிக்கதை. வங்கிகள் மனமுவந்து ஒப்புக்கொண்ட கணக்கை மட்டும் மறக்காதீர்கள்: ரூபாய்க்கு ஐந்து பைசாகூட இல்லை. வேதாந்தா யார் என்று தூத்துக்குடிக்காரனுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஸ்டெர்லைட்டை மூடச் சொல்லி 2018 மே மாதம் கலெக்டர் ஆபீஸுக்கு நடந்துபோனதற்கு, துப்பாக்கிச் சூட்டில் 13 உயிரைக் கொடுத்த மாவட்டம் இது. பக்கத்துத் திருச்செந்தூரில் 2021 செப்டம்பரிலிருந்து மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. வங்கிகள்தான் பாவம், வக்கீலுக்குப் பீஸும் கொடுத்துவிட்டுத் தலையையும் குனிகின்றன. குனிகிற தலை யாருடையது? உங்கள் டெபாசிட்டும் என் டெபாசிட்டும்தான்.

நான் கம்பெனி இல்லையே, தனி மனுஷன் என்கிறீர்கள். அதே சட்டத்தில் தனி மனுஷனுக்கும் ஒரு பகுதி எழுதியிருக்கிறார்கள். 2019 டிசம்பர் 1 முதல் அமலிலும் இருக்கிறது. யாருக்கு? கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும். அவர்களைப் பிடிப்பதற்காகத்தான் என்கிறார்கள், பிடிபடட்டும். மச்சானின் மளிகைக் கடைக் கடனுக்கு ஜாமீன் போட்ட உங்களுக்கு அது இல்லை.

அமலுக்கு வராமல் கிடக்கும் மிச்சத்தில் ஏழைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. புதுத் தொடக்கம் என்று பெயர். படித்தால் நகைச்சுவை எழுத்தாளர்களுக்குப் பிழைப்பு போய்விடும். ஆண்டு வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. சொத்து 20,000-க்குள். கடன் 35,000-க்குள். சொந்த வீடு இருக்கவே கூடாது, அது ஈட்டில் மூழ்கிக் கிடந்தாலும் சரி. இந்த வீட்டு நிபந்தனையில் மட்டும் காயல்பட்டினத்து ஆண்கள் இந்தியாவுக்கே முன்மாதிரி, வீடெல்லாம் பெண்கள் பேரில். மற்றதற்கு எங்கே போவது? மாசம் ஐயாயிரத்தில் குடும்பம் நடத்துகிறவனை நம்பி முப்பத்தைந்தாயிரம் கொடுக்கிற கிறுக்கன் யார்? அந்தச் சட்டம் வந்த 2016-லேயே ஒரு பவுன் இருபதாயிரத்தைத் தாண்டியாயிற்று. மத வழக்கப்படி கழற்ற முடியாத நகைக்கு விலக்கு உண்டு, ஆனால் அது அடகில் இருக்கக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கருகமணியைக் கொண்டுபோய் வைத்தவளுக்கு விலக்கும் கிடையாது. ஈடு வைத்து வாங்கிய கடன் இந்தக் கணக்கில் சேராது. கல்விக் கடனும் சேராது. நகைக்கடன், வீட்டுக்கடன், பிள்ளை படிக்க வாங்கியது எல்லாம் கழித்தால் மிஞ்சுவது கந்துவட்டிக்காரனின் பாக்கி. அவனோ கணக்கே தருவதில்லை. வெற்றுப் பத்திரத்திலும் நிரப்பாத செக்கிலும் கையெழுத்தை வாங்கிவைத்திருக்கிறான். இத்தனை நிபந்தனையையும் தாண்டி ஒரு மனிதன் தேறினால் அவனுக்குச் சட்டம் வேண்டாம், சிலை வைக்கலாம். எழுதியவர்கள் வெட்கப்பட்டுத்தான் அமலுக்குக் கொண்டுவராமல் வைத்திருக்கிறார்களோ என்று யாரோ கேட்டார்கள். அவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்லெண்ணம் இல்லை.

ஆகவே மஞ்சள் கடுதாசி. ஐ.பி. கொடுப்பது. இதற்கான சட்டம் வெள்ளைக்காரன் 1920-இல் போட்டது. சென்னைக்கு 1909-லேயே ஒன்று, நம்மைப் போன்ற வெளியூர்களுக்கு இது. 2016 சட்டம் இரண்டையும் ரத்து செய்வதாக ஒரு பிரிவு எழுதியது, அந்தப் பிரிவும் அமலுக்கு வரவில்லை. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் எழும்புகிறது, கூப்பிடு தூரத்துக் காயல்பட்டினத்துக் கடன்காரனுக்கு நூறு வருஷத்துப் பழைய சட்டம். ஐந்நூறு ரூபாய்க் கடன் இருந்தாலே மனு போடலாம். 1920-இல் அது ஒரு தொகை. இன்று பிரியாணிக் கடையில் நாலு பேர் உட்கார்ந்து எழுந்தால் எல்லாரும் திவால்.

மனு போட்டதும் கடன் கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் நோட்டீஸ் போகும். நீங்கள் திவால் என்று தீர்ப்பானால் சொத்து ரிசீவர் கைக்கு மாறும். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழில் கருவி ஆகியவற்றை விட்டுவைப்பார்கள். வாய்தா மேல் வாய்தா. கடைசியில் கடனிலிருந்து விடுதலை கேட்டு நிற்கும்போது 42-ஆம் பிரிவைத் திறப்பார்கள். ஈடில்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்காவது உங்கள் சொத்து தேறாவிட்டால் முழு விடுதலையை நீதிமன்றம் மறுத்தாக வேண்டும். அந்த நிலைக்கு நீங்கள் காரணமல்ல என்று நிரூபித்தால் மட்டும் தப்பலாம். 95 சென்டிமீட்டர் மழைக்கு நீங்கள் காரணமில்லை என்பதைச் சாட்சி வைத்து நிரூபியுங்கள் காக்கா.

எட்டணா! அறுபத்து நாலாயிரம் கோடிக்கு ஐந்து பைசா போதும் என்று கை தூக்கிய நாட்டில், ஆறு லட்சம் கடன் வைத்த ஜவுளிக் கடைக்காரனிடம் எட்டணா! அந்த விடுதலை கிடைக்கும்வரை நீங்கள் நகராட்சிக் கவுன்சிலர் ஆக முடியாது. எம்.எல்.ஏ., எம்.பி. ஆவதற்கு அரசியல் சட்டமே தடை. விஜய் மல்லையா 2016 மார்ச்சில் லண்டனுக்கு விமானம் ஏறியபோது மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். கோர்ட்டில் போய் என்னால் கட்ட முடியவில்லை என்று ஒத்துக்கொள்கிறவன்தான் தகுதி இழக்கிறான். ஒத்துக்கொள்ளாமல் விமானம் ஏறுகிறவனுக்கு வழியனுப்பு.

நம் ஊரில் ஐ.பி. கொடுக்கக் கை நடுங்குவதற்கு வேறு காரணமும் உண்டு. ஜனாஸாத் தொழுகைக்கு முன், மையித்தை வைத்துக்கொண்டு மகன் ஸஃப்பைப் பார்த்துச் சொல்வான்: எங்க வாப்பா யாருக்காவது பாக்கி வைத்திருந்தால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லை என்றால் மன்னித்துவிடுங்கள். கோர்ட் விட்டாலும் மறுமை விடாது என்கிற பயம் அது. நல்ல பயம்தான். கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் அவகாசம் கொடு, விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்று குர்ஆன் கடன் கொடுத்தவனுக்குச் சொல்வதையும் அதே நடுக்கத்தோடு கேட்டிருந்தால் ஊர் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும். கம்பெனிக்கு மையித்தும் இல்லை, மறுமையும் இல்லை, ஸஃப்பைப் பார்த்துப் பேச மகனும் இல்லை.

நகைக்கடனைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பித்து ஓட்டினீர்கள். இப்போது பல வங்கிகளில் அசலையும் வட்டியையும் முழுசாகக் கட்டி நகையைத் திருப்பு, பிறகு வந்து மறுபடி வை என்கிறார்கள். இரண்டு லட்சம் ஒரு நாளைக்கு எங்கே கிடைக்கும்? வங்கிக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நிற்பவரிடம் கிடைக்கும். காலையில் அவர் பணம் கவுண்டருக்குள் போகும், நகை வெளியே வரும், உள்ளே போகும், பணம் வெளியே வந்து அவர் சட்டைப் பைக்குப் போகும். நீங்கள் தொட்டது கமிஷன் கொடுத்த நோட்டை மட்டும். கந்துவட்டியிலிருந்து மக்களைக் காப்பாற்ற வந்த வங்கியின் வாசலிலேயே கந்துவட்டிக்கு ஒரு கிளை.

அந்தக் கந்துவட்டிக்கும் சட்டம் இருக்கிறது. 2003-இல் சினிமாத் தயாரிப்பாளர் ஜி.வி. தற்கொலைக்குப் பிறகு ஜெயலலிதா அரசு கொண்டுவந்தது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று வகை பிரித்து விளக்கம் எழுதி, எல்லாவற்றுக்கும் தடை போட்டது. சட்டம் வந்து பதினான்கு வருஷம் கழித்து, 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள் தீயில் எரிந்தார்கள். 1.45 லட்சம் வாங்கி 2.34 லட்சம் கட்டியும் தீரவில்லை என்று செய்திகள் சொல்லின. திரும்பத் திரும்ப மனு கொடுத்தவர்கள் அவர்கள். நாலு பேரும் செத்தார்கள். அதை வைத்துக் கார்ட்டூன் போட்ட பாலாவை இரண்டு வாரத்துக்குள் போலீஸ் கைது செய்தது. மனுவுக்கு வராத வேகம் கார்ட்டூனுக்கு வந்தது. 2022-இல் ஆபரேஷன் கந்துவட்டி என்று போலீஸ் கிளம்பியது. 2025-இல் கட்டாய வசூலுக்கு எதிராக இன்னொரு சட்டம். சட்டத்துக்குக் குறைச்சலே இல்லை. ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொள்ளும் ஏட்டு, வட்டிக்காரனின் செல் நம்பரைக் கேட்காமலே போட்டுப் பேசுகிறார் என்பதுதான் குறை.

ஆனாலும் அரசாங்கம் அந்த நாலு சாவிலிருந்து ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கற்றுக்கொண்டது. கலெக்டர் ஆபீஸ் வாசல்களில் திங்கட்கிழமை தோறும் போலீஸை நிறுத்திவிட்டது. அதனால் நீங்கள் கோரம்பள்ளத்துக்கு மனு கொடுக்கப் போவதானால் ஆதார் ஜெராக்ஸ் இரண்டு, கடன் விவரம், பழைய மனுக்களின் ரசீது எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். லாத்தாவையும் பிள்ளைகளையும் கூட்டிப்போனால் அவர்கள் பையையும் சேர்த்துச் சோதிப்பார்கள். தண்ணீர் பாட்டிலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வாசலில் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறார்கள், வரிசை நீண்டுவிடுகிறது.